கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையிலிருந்து தகவல் அலுவலர் மேசை வரை

ஆரணியில் மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "அக்கா, எங்கம்மா இருபது வருசமா பட்டுக்குத் தார் சுத்துறாங்க. நெசவாளர் சங்கத்துல எஸ்.சி. உறுப்பினர் எத்தனை பேருன்னு கேட்டேன். 'இது கவர்மெண்ட் ஆபீஸ் இல்ல, தகவல் சட்டம் இங்க செல்லாது'ன்னு அனுப்பிட்டாங்க. அது சரியா?"

பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பான பாதியில்தான் நம் வேலை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் ஊர்களில் நிலக் கணக்கு பல தலைமுறைகளாகக் கர்ணத்தின் வீட்டில் இருந்தது. பதவி பரம்பரையாக வந்ததால் கணக்கும் பரம்பரைச் சொத்துபோல ஆனது. எந்தச் சர்வே எண் யாருடையது என்று பார்க்க வேண்டுமானால் ஊர்த்தெருவுக்குள் போய் அந்தத் திண்ணைக்கு முன்னால் நிற்க வேண்டும். சேரியிலிருந்து வந்தவருக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடையாது. ஆவணம் மறைக்கப்பட்டது என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. அது இருந்த இடமே நமக்கு மறுக்கப்பட்ட இடம்.

இதன் விலை என்ன என்பதற்குப் பஞ்சமி நிலமே சாட்சி. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அதைப் பிற சாதியார் வாங்க முடியாதபடி நிபந்தனையும் இருந்தது. ஆணை அரசிதழில் இருந்தது, பதிவேடு தாலுகா அலுவலகத்தில் இருந்தது, நிலம் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. தன் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாதவரிடமிருந்து நிலத்தைப் பறிப்பது எளிது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள்.

1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்துக்குத் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கணக்கு, வீட்டை விட்டு அலுவலகத்துக்கு வந்தது. ஆனால் அலமாரிப் பூட்டு அப்படியே இருந்தது.

பூட்டைத் திறக்கக் கேட்டவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. கூலிப் பட்டியலைச் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி போயிருந்தது ஊர் முன்னால் வெளிப்பட்டது. 1997-ல் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலங்களில் அதுவே முன்னோடி. ஆனால் விலக்குகளின் பட்டியல் நீளம். 2005-ல் மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு, மேல்முறையீடு, தனி ஆணையம் எல்லாம் நம் கைக்கு வந்தன.

பலர் கவனிக்காத ஒன்று: அந்தச் சட்டம் கேள்வி கேட்பவருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. கேட்பதற்கு முன்பே தயாராக இரு என்று அலுவலகத்துக்கும் உத்தரவிட்டது. 100 நாளில் தகவல் அலுவலரை நியமி, 120 நாளில் பிரிவு 4(1)(ஆ) சொல்லும் 17 வகைத் தகவல்களை நீயே வெளியிடு, பதிவேடுகளை அட்டவணைப்படுத்து என்றது. அந்தக் கெடு 2005 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். 2013-ல் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், கூட்டுறவுச் சங்கம் என்பதாலேயே அது பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்றது. சங்கத்தார் சொன்னதில் சரியான பாதி இதுதான். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. கூட்டுறவுப் பதிவாளர் பொது அதிகார அமைப்பு. சட்டப்படி சங்கத்திடமிருந்து அவர் பெறக்கூடிய தகவலை நாம் அவரிடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் நெசவாளர் சங்கங்களுக்குப் பதிவாளர் பொறுப்பு கைத்தறித் துறை இயக்குநரிடம் இருக்கிறது. ஆகவே மனுவைச் சரகக் கைத்தறி அலுவலகத்தில் கொடுங்கள். முன்கதவு மூடியிருந்தால் அடுத்த கதவைத் தட்டுங்கள்.

ஓர் அலுவலகம் வெளிப்படைத்தன்மைக்குத் தயாரா என்று எப்படி அளப்பது? நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

ஒன்று, தகவல் அலுவலர், மேல்முறையீட்டு அலுவலர் பெயர்ப் பலகை இருக்கிறதா? இரண்டு, 17 வகைத் தகவல்கள் கடைசியாக எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டன? மூன்று, ஒரு பதிவேட்டைக் கேட்டால் எடுத்துத் தர எவ்வளவு நேரமாகிறது? நான்கு, மானியம் பெற்றவர்கள் விவரம் தமிழில், கேட்காமலே, வெளியிடப்பட்டிருக்கிறதா? அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தெரிகிறதா?

ஐந்தாவது நமக்கே உரியது. மனுவை நீட்டியதும் முதலில் வரும் கேள்வி என்ன? "எதுக்குக் கேக்கற? எந்தத் தெரு?" என்றால் அந்த அலுவலகம் தயாராகவில்லை. காரணம் கேட்கக்கூடாது என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது. தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான். கணினி வந்த பிறகும் கர்ணத்தின் திண்ணை அந்தக் கேள்வியில் உயிரோடு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலை மறுப்பதை எளிதாக்குகிறது. கோட் கிரானாவில் பெயர்களை வாசித்ததால்தான் திருட்டு பிடிபட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். பெயர் மறுக்கப்பட்டால் எண்ணிக்கை, தொகை, ஆண்டு ஆகியவற்றைக் கேளுங்கள். பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. அதை மேல்முறையீட்டில் குறிப்பிடுங்கள்.

கடைசியாக, நம்மைப் பற்றி. அரசு நிதியில் பெருமளவு நடக்கும் தொண்டு நிறுவனமும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-ல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுப் பணம் வாங்காத நம் இளைஞர் மன்றங்களுக்கு, அம்பேத்கர் படிப்பகங்களுக்குச் சட்டக் கடமை இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஏப்ரல் 14 விழாவுக்குத் தெருவில் வசூலித்த பணத்தின் கணக்கை எத்தனை மன்றங்கள் சுவரில் ஒட்டுகின்றன? கணக்கு நோட்டு செயலாளர் வீட்டுப் பெட்டியில் இருந்தால், கணக்குக் கேட்கும் பெண்ணைப் பார்த்து "உனக்கெதுக்கு?" என்றால், நாமும் ஒரு திண்ணையைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தம்பியும் நண்பர்களும் அன்று மாலையே இரண்டு தாள் எழுதினார்கள். ஒன்று கைத்தறி அலுவலகத்துக்கான மனு: கடந்த ஐந்து ஆண்டுகளில் சங்கங்களில் சேர்க்கப்பட்ட பட்டியல் சாதி உறுப்பினர் எண்ணிக்கை, ஆண்டு வாரியாக. இன்னொன்று அவர்கள் படிப்பகத்தின் வரவு செலவு. முதல் தாளுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டாவது அன்றைக்கே சுவரில் ஏறிவிட்டது.