எலும்புக்கூடு எப்ப அச்சானது?

1966 செப்டெம்பர் 16, 17. சான் பிரான்சிஸ்கோவின் அவலோன் நடன மண்டபத்தில் 'கிரேற்ஃபுல் டெட்' ரொக் குழுவின் கச்சேரி. அதற்கு ஸ்ரான்லி மவுஸும் அல்ரன் கெலியும் செய்த போஸ்டர்தான் ரோஜா சூடிய எலும்புக்கூடு. படம்கூட அவர்களுடையதில்லை. உமர் கய்யாமின் ருபாயியாத்துக்கு எட்மண்ட் சல்லிவன் வரைந்த பழைய சித்திரத்தை எடுத்து, நிறமும் எழுத்தும் சேர்த்தார்கள்.

அப்ப எதை 'ஒரிஜினல்' எண்டு சொல்லுறது? சேகரிப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தத் தாள் கச்சேரிக்கு முதல் அச்சானதா, பிறகா? சனம் விரும்பிக் கேட்டதால் இப்படியான போஸ்டர்களைக் கச்சேரி முடிந்த பிறகும் அச்சடித்து விற்றார்கள். அவை கள்ளப் பிரதி இல்லை. ஆனால் விலை நன்றாகக் குறைவு. அதனால்தான் தாளின் தடிப்பு, நீள அகலம், ஓரத்துச் சின்ன எழுத்துகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கள்ளப் பிரதியைப் பிடிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி உதவும். அச்சான போஸ்டரைப் படமெடுத்துத் திரும்ப அச்சடித்தால், மூலத்தில் ஒரே சீராக இருந்த நிறம் குட்டிப் புள்ளிகளாக உடைஞ்சு தெரியும்.

மடிப்பு, கிழிசல், மூலையில் குண்டூசித் துளை எல்லாம் விலையைக் குறைக்கும். யோசிச்சுப் பாருங்கோ: சனத்தைக் கச்சேரிக்குக் கூப்பிடத்தானே அதை அச்சடித்தவை? இண்டைக்கு ஆகக்கூடிய விலை போறது, ஒருத்தரும் ஒரு சுவரிலும் குத்தாத தாளுக்கு.