293 மில்லியன் டாலர்: ஒரு கல்நார் கணக்கின் வரலாறு

ஒதுக்கீடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. காப்பீட்டுத் துறையில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. வேலையால் நோயுற்ற தொழிலாளி இழப்பீடு கேட்கிறார், வழக்கு இன்னும் முடியவில்லை. கடைசியில் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்று கணித்து, அந்தப் பணத்தை இப்போதே எடுத்து வைக்க வேண்டும். நோய் முற்றும், புதிய வழக்குகளும் வரும். எனவே அந்தக் கணக்கை அவ்வப்போது மறுபடி பார்க்க வேண்டும். இதை யார் பார்க்கிறார்கள், எந்த மாதம் வரையிலான தரவை வைத்துப் பார்க்கிறார்கள் என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் கல்நார் கலந்த சிமெண்ட் தகடுகள் செய்து கொழித்த நிறுவனம் ஜேம்ஸ் ஹார்டி. நியூ சவுத் வேல்ஸின் பார்யுல்கில் என்ற ஊரிலிருந்த கல்நார்ச் சுரங்கம் 1976 வரை அதன் கையில் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பண்ட்ஜலங் பூர்வகுடி மக்கள். சுரங்கக் கழிவைப் பள்ளி மைதானத்திலும் கொட்டினார்கள், குழந்தைகள் அதில் விளையாடினார்கள். எந்தச் சமூகம் தூசிக்குள் அனுப்பப்படுகிறது என்பது நமக்குப் புதிய கதை அல்ல.

கல்நார் நோய் உடனே தெரியாது. மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வெளிப்பட 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகும். அதனால் இன்று கையிலிருக்கும் வழக்குகளை மட்டும் எண்ணினால் கணக்கு சிறிதாகவே வரும்.

2001 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஹார்டி தன் கல்நார்ப் பொறுப்புகளை ஓர் அறக்கட்டளையிடம் தள்ளிவிட்டது. கொடுத்த சொத்து சுமார் 293 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர். முழு நிதியும் உண்டு என்று பங்குச் சந்தைக்கு அறிவித்தது. அதே ஆண்டு தலைமை நிறுவனத்தை நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டது. அந்தக் கணிப்பைச் செய்தவர்களிடம் அண்மை மாதங்களின் வழக்கு விவரம் தரப்படவில்லை. முதலீடு ஆண்டுக்கு 11 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். (நம் ஊர் சீட்டுக் கம்பெனிக்காரர்கள்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.)

2003இலேயே பணம் போதாது என்று அறக்கட்டளை சொல்லிவிட்டது. 2004இல் டேவிட் ஜாக்சன் தலைமையிலான விசாரணையில், தேவை 1.5 பில்லியன் டாலருக்கும் மேல் என்று தெரிந்தது.

மறுகணக்கு மட்டும் பணத்தைக் கொண்டுவரவில்லை. தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கின. ஹார்டியின் முன்னாள் தொழிலாளி பெர்னி பான்டன் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு பேரணிகளில் முன்னால் நின்றார். அதன் பிறகுதான் நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. புதிய இழப்பீட்டு நிதிக்கு ஆண்டுதோறும் தன் ரொக்க வரவில் 35 விழுக்காடு வரை தர ஒப்புக்கொண்டது. பொறுப்பின் அளவை வெளிக் கணிப்பாளர் ஒவ்வோர் ஆண்டும் மறுமதிப்பீடு செய்து வெளியிட வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் இருந்தது. பான்டன் 2007 நவம்பரில் இறந்தார். 'முழு நிதியும் உண்டு' என்ற அறிவிப்புக்கு ஒப்புதல் தந்த இயக்குநர்கள் கடமை தவறினார்கள் என்று ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது.

பார்யுல்கில் சுரங்கம் 1979இல் மூடப்பட்டது. 1976இலேயே கைமாறிவிட்டதால், அந்த மக்களின் கோரிக்கைகளைப் புதிய நிதி ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரத் தனியே விதி எழுத வேண்டியிருந்தது.