வண்டிப்பேட்டையும் மரநிழலும்

தமிழகத்துச் சந்தையூர்களில் வளர்ந்தவர்களுக்கு வண்டிப்பேட்டை என்னும் சொல் புதிதன்று. ஊரின் வாயிலிலோ சந்தைத் திடலின் ஓரத்திலோ அமைந்த அந்த வெளியில் வேம்பும் புளியும் புங்கும் நிழல் பரப்பி நிற்கும். அருகே ஒரு கிணறு இருக்கும். மாடுகள் நீர் பருகக் கல்தொட்டி ஒன்று இருக்கும். வண்டியை அவிழ்த்து, நுகத்தடியைத் தாழ்த்தி, மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டபின் வண்டிக்காரர் அந்த நிழலிலேயே துண்டை விரித்துத் தலைசாய்ப்பார். இத்தகைய பேட்டைகளை அமைக்கவும், வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறவும் 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டம் நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்திருந்தது. இன்று நாம் கடைவீதியில் கார் நிறுத்திச் சீட்டு வாங்குகிறோமே, அவ்வழக்கத்தின் மூதாதை இந்த வண்டிப்பேட்டையே ஆகும்.

ஆனால் பழைய பேட்டைக்கும் புதிய நிறுத்துமிடத்துக்கும் இடையே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பழைய பேட்டையில் நிழல் வேண்டும் என்று எவரும் விதி எழுத வேண்டியிருக்கவில்லை. மாடு வெயிலில் மூச்சு வாங்கும், நுரை தள்ளும், மறுநாள் வண்டி இழுக்க மறுக்கும். ஆகவே மாட்டின் பொருட்டு மரம் நின்றது. மரத்தின் பொருட்டு மனிதனுக்கும் நிழல் கிடைத்தது. மோட்டார் வண்டிக்கோ வெயில் உறைப்பதில்லை. மாடு போனபின் மரத்துக்காகப் பரிந்து பேச ஆளில்லாமற் போயிற்று. அந்த வாயில்லா வழக்கறிஞனின் இடத்தில் இன்று சட்டம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அது எவ்வாறு நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அறிய, தோட்ட நகரம் எனப் பெயர் பெற்ற பெங்களூரின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

1537-ஆம் ஆண்டில் கெம்பே கௌடர் பெங்களூரை நிறுவினார் என்பது வரலாற்று மரபு. அவ்வூரில் பேராறு எதுவும் இல்லை. ஆதலின் ஏரிகளே ஊருக்கு உயிர்நிலையாயின. தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி முதலிய ஏரிகள் குடிக்கவும் பயிரிடவும் நீர் தந்தன. 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் மைந்தர் திப்பு சுல்தான் அதனை வளர்த்தார். 1856-இல் அது அரசின் தாவரவியல் தோட்டமாயிற்று.

அரசர் பெயரை வரலாறு எழுதி வைக்கிறது. மண்வெட்டி பிடித்த கையை எளிதில் மறந்துவிடுகிறது. பெங்களூரின் தோட்டங்களையும் கீரைப் பாத்திகளையும் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்களில் திகளர் என்னும் மக்களுக்குச் சிறப்பான இடம் உண்டு. திகளர் என்பது கன்னட நாட்டார் தமிழரைக் குறித்து வழங்கிய பழஞ்சொல். தமிழகத்திலிருந்து சென்று அங்கேயே வேரூன்றிக் கன்னட மண்ணின் மக்களாகிவிட்ட தோட்டக்காரர்கள் இவர்கள். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் தர்மராயசுவாமி கோயிலில் நிகழும் கரகத் திருவிழாவை நடத்துவோரும் இவர்களே. திரௌபதி அம்மனின் கரகம் இரவு முழுவதும் பழைய பேட்டைத் தெருக்களைச் சுற்றி வருகையில், மஸ்தான் தர்காவிலும் நின்று செல்வது அவ்வூரின் நெடுநாள் வழக்கம்.

1809-இல் ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்தபின் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் மேலும் திரளாக வந்தனர். ஒப்பந்தக்காரரும் வணிகரும் எழுத்தரும் கொத்தரும் அல்சூரிலும் இன்றைய சிவாஜி நகரிலும் குடியேறினர். இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் இயங்கும் செந்நிற மாளிகையாகிய அட்டாரா கச்சேரியைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம். அதன் எதிரே பரந்து கிடக்கும் கப்பன் பூங்காவை 1870-ஆம் ஆண்டில் தலைமைப் பொறியாளர் ரிச்சர்டு சாங்கி வகுத்தார்.

1908-இல் ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பீகல் மைசூர் அரசின் பணிக்கு வந்தார். ஒரு வகை மரம் பூத்து ஓயும் வேளையில் மற்றொரு வகை பூக்கத் தொடங்க வேண்டும். ஆண்டின் எம்மாதத்திலும் ஏதேனும் ஒரு சாலை மலர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் திட்டம். ஜகரண்டாவும் மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும் சாலைகளில் முறைவைத்துப் பூத்தன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரம் சாலையின் இருபுறமும் கவிந்து பந்தலிட்டது. பெங்களூரின் நிழல் தானே விளைந்த காட்டு நிழலன்று; திட்டமிட்டு நட்டு, நீர் ஊற்றிக் காத்த நிழல் என்பதை இங்கே மனங்கொள்ள வேண்டும்.

நட்ட கையே ஏரிகளை மூடியதும் உண்டு. 1890-களில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வரத் தொடங்கியபின், ஊர் ஏரிகளின் அருமை குறைந்தது. தர்மாம்புதி ஏரி வறண்டு திடலாயிற்று. அத்திடல் பின்னர் கெம்பேகௌடா பேருந்து நிலையமாயிற்று. சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்து அங்கே இறங்கும் நம்மவர் எத்தனை பேர், தாம் ஓர் ஏரியின் மடியில் கால் வைக்கிறோம் என்று அறிவர்? சம்பங்கி ஏரியின் நிலத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. கரகத்தின் சடங்குக்கென ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஏரி முழுவதும் போயிற்று. வழிபாட்டுக்கு உரியது என்று ஒரு கூட்டத்தார் விடாது பற்றி நின்ற துண்டு மட்டும் பிழைத்தது. இது நாம் மறக்கலாகாத பாடம்.

மரங்களைக் காக்கச் சட்டமும் வந்தது. 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், தனியார் நிலத்து மரத்தையும் மரஅலுவலரின் முன் அனுமதியின்றி வெட்டலாகாது என்றது. வெட்ட அனுமதி பெற்றவர் ஈடாக வேறு மரம் நட வேண்டும் என்றது. 1980-களில் வனத்துறை அலுவலர் நெகின்ஹால் தலைமையில் ஏறத்தாழ 15 லட்சம் கன்றுகள் நகரெங்கும் நடப்பட்டன. சாலைகள் மீண்டும் பசுமை பெற்றன.

எனினும் வணிக வளாகங்களின் முற்றம் வேறு கதை. அங்கே விதியின் கண் முதலில் வண்டியின் மீதே விழுகிறது. இத்தனை சதுர மீட்டர் கடைக்கு இத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்பது திட்டவட்டமான கணக்கு. மரத்துக்கும் கணக்கு இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2016-இல் மாநிலங்களுக்கு முன்மாதிரியாக வெளியிட்ட கட்டட விதிகளில், பெருங்கட்டடங்களுக்கான சுற்றுச்சூழல் நிபந்தனைகளுள், 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரமேனும் நட்டுப் பேண வேண்டும் என்பதும் ஒன்று.

இதனை நிறுத்துமிடத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். திறந்த வெளியில் ஒரு கார் நிற்கவும் வந்து திரும்பவும் 23 சதுர மீட்டர் வேண்டும் என்பது நம் நாட்டுக் கட்டடக் கலையினர் கொள்ளும் அளவு. நூறு கார்களுக்கு 2,300 சதுர மீட்டர் ஆகிறது. அவ்விடத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 29 மரங்கள். அதாவது மூன்று நான்கு கார்களுக்கு ஒரு மரம். அவை தூங்குமூஞ்சியும் புங்கும் போன்று படர்ந்து வளருவனவாயின், முற்றம் முழுவதும் சோலையாகும் அல்லவா? ஆனால் விதி கேட்பது மரத்தின் எண்ணிக்கையை; நிழலின் பரப்பை அன்று. இருபத்தொன்பதையும் மதிற்சுவர் ஓரமாக வரிசையாக நட்டுவிட்டாலும் கணக்கு நேராகிவிடும். நெட்டையாய் நிற்கும் அலங்காரப் பனையும் ஒரு மரமே. ஆனால் அதன் நிழலில் ஒருவர் கூட ஒதுங்க இயலாது.

இந்த நிழல் வெறும் அழகுக்கு உரியதன்று. பெங்களூர்ச் சாலை மரங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, மரமுள்ள இடத்தில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி செல்சியஸ் வரையும், சாலைப் பரப்பின் வெப்பம் 27.5 டிகிரி வரையும் குறைந்திருக்கக் கண்டது. தாரிட்ட தரை பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் உமிழ்கிறது. மழை பெய்தால் ஒரு துளியும் உள்ளே விடாது தெருவுக்குத் தள்ளுகிறது. மரத்தடி மண் அந்நீரை ஏற்று நிலத்தடிக்கு அனுப்புகிறது. ஏரிகளை இழந்த நகரத்துக்கு இது சிறிய உதவியன்று.

நிழலின் பரப்பையே விதியாக்கிய ஊரும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சாக்ரமெண்டோ நகரம் 1983-இல் ஒரு சட்டம் இயற்றியது. புதிய நிறுத்துமிடம் அமைத்த 15 ஆண்டுகளுக்குள் அதன் தளத்தில் பாதிக்கு மரநிழல் விழ வேண்டும் என்பது அதன் கட்டளை. எவ்வளவு நல்ல சட்டம்! ஆயினும் 2001-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அங்கே 15 நிறுத்துமிடங்களை அளந்து பார்த்தபோது, நிழல் 14 விழுக்காடே இருந்தது. அதிலும் 44 விழுக்காடு மரம் தந்ததன்று. கொட்டகைக் கூரை தந்தது. அவ்விடங்கள் எல்லாம் 15 வயதை எட்டினாலும் நிழல் 27 விழுக்காட்டளவே ஆகும் என்று அவ்வாய்வு கணித்தது. அதே வேளையில், கூட்டம் மிகுந்த நேரத்திலும் 36 விழுக்காடு இடங்கள் வண்டியின்றி வெறுமையாய்க் கிடந்தன. வராத காருக்கு இடம் இருந்தது. வளர வேண்டிய மரத்துக்கு இடம் இல்லை.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரின் வழி சற்று வேறானது. 1975-ஆம் ஆண்டின் பூங்கா, மரச் சட்டத்தால், வீடமைப்பு, சாலை, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றைக் கட்டுவோர் அரசுத் துறையினராயினும் தனியாராயினும் மரத்துக்கென இடம் ஒதுக்கியாக வேண்டும் என்றாயிற்று. நட்ட மரத்தைக் கவாத்து செய்து பேணத் தனித் துறையும் பயிற்சி பெற்ற ஆட்களும் அங்கே உண்டு. சாக்ரமெண்டோவில் தாளில் நின்ற விதி சிங்கப்பூரில் தரையில் இறங்கியதற்குக் காரணம் இந்தப் பேணுதலே எனலாம்.

ஆகவே விதி மூன்றைக் கேட்க வேண்டும். எத்தனை மரம் என்பதோடு, எவ்வளவு நிழல் என்றும் கேட்க வேண்டும். வேர் பரவ எவ்வளவு மண் விட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். கழுத்தளவு சிமெண்டு பூசிய மரம் நெடுநாள் வாழாது. மூன்றாவதாக, நீர் ஊற்றுபவர் யார், பட்ட கன்றுக்கு மாற்றுக் கன்று நடுபவர் யார் என்று கேட்க வேண்டும். இம்மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையேல் முன்னிரண்டும் வீண்.

வணிக வளாகத்தின் முற்றத்தில் நாள் முழுவதும் வெயிலில் நிற்பவர் யார்? சீட்டுக் கிழிப்பவர், காவலாளி, முதலாளிக்காகக் காத்திருக்கும் ஓட்டுநர், தள்ளுவண்டியில் வெள்ளரிக்காய் விற்பவர். அவர்களில் பலர் நம்மைப் போலவே பிறவூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பழைய பேட்டையில் மாட்டுக்குக் கிடைத்த நிழல் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், அது வளர்ச்சி என்று எவ்வாறு சொல்வது?

பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழராகிய நாம், வந்த ஊரில் நமக்கு என்ன உரிமை என்று சில வேளை தயங்குகிறோம். திகளர் அவ்வாறு தயங்கவில்லை. வந்த மண்ணில் பாத்தி கட்டினார்கள். ஏரி போனபின்னும் தம் குளத்தை விடவில்லை. நம் அடுக்ககத்து முற்றத்திலும், நாம் நாள்தோறும் செல்லும் கடையின் வாசலிலும், ஒரு மரம் குறைகிறது என்றால் கேட்பதற்கு நமக்கும் உரிமை உண்டு. நட்ட கன்றுக்கு ஒரு குடம் நீர் ஊற்றும் கடமையும் உண்டு.