காற்றுத் துப்பாக்கி

வெடிமருந்து இல்லாமல், அழுத்தப்பட்ட காற்றின் விசையால் குண்டைச் செலுத்தும் கருவி. பேச்சு வழக்கில் ஏர் கன். சங்கரன்கோவில் ஆடித்தபசு போன்ற திருவிழாக்களின் கடைத்தெருவில் பலூன் சுடுவதற்குக் கையில் தரப்படுவதும், ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் தொலைவில் குறி பார்ப்பதும் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய காற்றுத் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பதும், பழுது நீக்கிச் சுட்டுப் பார்ப்பதும் பல நாடுகளில் தனிப் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளன.

இயங்கும் முறையால் இவை மூன்று வகைப்படும். முதல் வகை சுருள்வில் துப்பாக்கி. குழலை மடக்கும்போதோ நெம்புகோலை இழுக்கும்போதோ உள்ளிருக்கும் கனத்த சுருள்வில் அழுந்தி நிற்கும். விசையை இழுத்ததும் வில் விரிந்து பிஸ்டனை முன்னே தள்ள, அதன் முன்னுள்ள காற்று நொடியில் நெருக்குண்டு குண்டை வெளியேற்றும். காற்று முன்கூட்டிச் சேமிக்கப்படுவதில்லை. சுடுபவரின் கைவலுவே அந்த வில்லில் தங்கியிருக்கிறது. இரண்டாவது வகையில் காற்று பம்பினால் ஏற்றப்பட்டு அறையில் காத்திருக்கும். மூன்றாவது, கார்பன் டை ஆக்சைடு குப்பியால் இயங்குவது. குழலினுள் சுழல்வரி உள்ளவை இடை சிறுத்த ஈயப் பெல்லட்டையும், வரியில்லா வழுவழுப்பான குழலுடைய பி.பி. துப்பாக்கிகள் உருண்டைக் குண்டையும் சுடும். தமிழ்நாட்டில் இவ்வுருண்டைகளைப் பால்ரஸ் குண்டு என்பர்.

தோற்றம்

வாயால் ஊதிச் சுடும் குழலே இதன் மூத்த உறவு. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னல், தென்னிந்திய ஊதுகுழல்கள், வளைதடிகள், குறுக்குவிற்கள் பற்றி 1924இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மேற்குக் கரையோரம் ஊதுகுழலால் மீன் எய்யும் வழக்கம் அதில் பதிவாகியுள்ளது. மறவர், கள்ளர் நாட்டு வளரியும் அதே கட்டுரையில் இடம்பெறுகிறது.

இயந்திரக் காற்றுத் துப்பாக்கியை முதலில் செய்தவர் யார் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. நியூரம்பர்க்கின் ஹான்ஸ் லோப்சிங்கர் என்று சிலரும், பிரான்சின் மாரின் லெ பூர்ழ்வா என்று சிலரும் கூறுவர். எஞ்சியுள்ள மிகப் பழையவற்றுள் ஒன்று ஸ்டாக்ஹோம் அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கிறது. அதன் காலம் 1580 அளவினது எனக் கணிக்கப்படுகிறது.

காற்றுத் துப்பாக்கி போர்க்கருவியாகவும் இருந்ததுண்டு. பார்த்தலோமியோ ஜிராண்டோனி வடிவமைத்த துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780ஐ ஒட்டி ஏற்றுக்கொண்டது. அதன் பின்கட்டையே காற்றுக் கலம். ஏறத்தாழ 20 குண்டுகள் பக்கக் குழாயில் வரிசையாக நிற்கும். புகையோ தீப்பொறியோ எழாது. கலத்தை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டியிருந்தது. தோல் அடைப்புகள் எளிதில் பழுதாயின. 1815 அளவில் படையினர் அதைக் கைவிட்டனர். இத்துப்பாக்கியுடன் பிடிபட்டவர்களைக் கொல்லும்படி நெப்போலியன் ஆணையிட்டார் என்ற கதை பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு வலுவான சான்று காட்டப்படவில்லை. 1803 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் கடந்துசென்ற லூயிஸ், கிளார்க் குழுவினர் ஒரு காற்றுத் துப்பாக்கியை எடுத்துச் சென்று, வழியில் கண்ட பழங்குடியினருக்குச் சுட்டுக் காட்டினர் என்பது அவர்களுடைய நாட்குறிப்பால் உறுதி. அது பிலடெல்பியாவின் ஐசாயா லூகன்ஸ் செய்ததா, ஜிராண்டோனி வகையா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அண்மை ஆய்வாளர் பலர் இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்கின்றனர்.

பிளிமத் காலம்

மிக விரிவான பதிவுகள் கிடைப்பது 1886க்குப் பிந்தைய அமெரிக்கக் காலத்துக்கே. அதற்கு முன்பே நியூயார்க் மாநிலத்தின் ஹெர்க்கிமரில் ஹென்றி குவாக்கன்புஷ் 1871 முதல் காற்றுக் கைத்துப்பாக்கிகள் செய்துவந்தார். நகரங்களில் காசு கொடுத்துக் குறி சுடும் கூடங்கள் பெருகியிருந்தன. ஆயினும் இத்துப்பாக்கியைச் சிறுவர் கைக்குக் கொண்டுசேர்த்தது மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் என்னும் சிற்றூர்.

அவ்வூரில் மரத்தொட்டி செய்துவந்த வில்லியம் மார்க்கம், 1886 அளவில் பெரும்பகுதி மரத்தாலான ஒரு காற்றுத் துப்பாக்கியை விற்கத் தொடங்கினார். அதே ஊரில் 1882இல் தொடங்கிய பிளிமத் இரும்புக் காற்றாலை நிறுவனம் உழவர்களுக்கு நீரிறைக்கும் காற்றாலைகளைச் செய்து விற்றது, வணிகம் சிறக்கவில்லை. கலைத்துவிடலாமா என்று இயக்குநர்கள் வாக்கெடுத்தபோது ஒரே வாக்கில் நிறுவனம் பிழைத்தது என்று அதன் வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1888இல் கிளாரன்ஸ் ஹாமில்டன் என்பவர் முழுதும் உலோகத்தாலான சிறு துப்பாக்கி ஒன்றை நிறுவனத்திடம் கொண்டுவந்தார். பொது மேலாளர் லூயிஸ் காஸ் ஹஃப் அதைச் சுட்டுப் பார்த்து மகிழ்ந்து வியந்து சொன்ன சொல்லே அதன் பெயராயிற்று என்பர். அப்பெயர் டெய்சி. முதலில் காற்றாலை வாங்கும் உழவருக்குக் கூடுதல் பரிசாகவே அது தரப்பட்டது. விரைவில் மக்கள் காற்றாலையை விட்டுத் துப்பாக்கியைக் கேட்கத் தொடங்கினர். காற்றாலைத் தொழில் நின்றது. 1895இல் நிறுவனத்தின் பெயரே டெய்சி என மாறியது.

முதல் டெய்சிக்கு மரக்கட்டை கிடையாது. வளைத்த கம்பியே தோளில் பதியும் பின்பகுதி. கண்ணுக்கு எளிய கருவி. ஆனால் அதன் கம்பி வளைவில் ஒரு கொல்லனின் கைத்திறன் தெரியும். இன்று சேகரிப்போர் மிகவும் விரும்பித் தேடுவனவற்றுள் அது ஒன்று. தொடர்ந்து நெம்புகோலால் இயங்கும் பலகுண்டுத் துப்பாக்கிகள் வந்தன. முதல் விற்பனையாளராகப் பணியேற்றுப் பின்னர் தலைவரான சார்லஸ் பென்னட் சீனம் வரை சந்தையை விரித்தார். துப்பாக்கித் தொழிலில் பேர்பெற்ற லெஃபீவர் குடும்பத்து ஃப்ரெட் லெஃபீவர் வடிவமைத்த 25ஆம் எண் துப்பாக்கி 1914 அளவில் வெளிவந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் விற்பனையில் நின்றது. அது முன்கைப்பிடியைப் பின்னிழுத்து வில்லை அழுத்தும் அமைப்புடையது. போட்டியாளரான மார்க்கம் நிறுவனம் காலப்போக்கில் டெய்சியின் கைக்கே வந்தது.

குண்டின் வரலாறும் பிளிமத்தோடு சேர்ந்ததே. தொடக்கத்தில் வேட்டைக்கான ஈயச் சிதறுகுண்டே போடப்பட்டது. 1920களில் மினியாபொலிஸ் நகரச் சிறுவர்கள் ஒரு தொழிற்சாலை கழித்துப் போட்ட எஃகுப் பந்துகளைப் பொறுக்கிப் போட்டுச் சுட, மென்மையான குழல்கள் கெட்டன என்றும், அதை ஆராயப் போன டெய்சி நிறுவனம் எஃகுக் குண்டுக்கே மாறியது என்றும் நிறுவன வரலாறு கூறும். இன்றைய எஃகு பி.பி. குண்டின் விட்டம் 4.4 மி.மீ. அளவு.

1940 அளவில் ‘ரெட் ரைடர்’ துப்பாக்கி வந்தது. முதல் ஆண்டு 1938 என்று சொல்வோரும் உண்டு. ஃப்ரெட் ஹார்மன் வரைந்த அப்பெயருடைய படக்கதை 1938 நவம்பரில்தான் தொடங்கியது என்பதால், பிந்திய ஆண்டே பொருத்தமாகத் தோன்றுகிறது. 1983இல் வெளிவந்த ‘எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி’ திரைப்படத்தில் சிறுவன் ஏங்கும் ரெட் ரைடரின் கட்டையில் திசைகாட்டியும் சூரியக் கடிகாரமும் பதிந்திருக்கும். உண்மையில் அவை ‘பக் ஜோன்ஸ்’ என்ற வேறொரு டெய்சித் துப்பாக்கிக்கு உரியவை. படத்துக்கென்றே அவ்வாறு செய்து தந்தார்கள். 1958இல் ஆலை ஆர்க்கன்சா மாநிலத்தின் ரோஜர்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. ஆகவே, உடலில் பிளிமத் முகவரி பொறித்த துப்பாக்கி அவ்வாண்டுக்கு முற்பட்டது என்று பார்த்ததும் சொல்லலாம்.

இங்கிலாந்து, செருமனி

பர்மிங்ஹாமின் லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904இல் காப்புரிமை பெற்ற வடிவத்தை பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905 முதல் தயாரித்தது. வெப்லி நிறுவனத்தின் காற்றுக் கைத்துப்பாக்கி 1924இல் வந்தது. செருமனியின் ராஷ்டாட் நகரில் 1890இல் தொடங்கிய மேயர், கிராமல்ஸ்பாக்கர் நிறுவனம் ‘டயானா’ என்ற பெயரில் விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் இயந்திரங்கள் பிரிட்டனுக்குப் போய், அங்கு மில்ப்ரோ நிறுவனம் சில காலம் அதே பெயரில் செய்தது. 1903இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில், பெங்களூர்ப் பயனியர் படையில் இருந்த கர்னல் மோரனின் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி காணப்படுவது, அக்காலத்தில் அது வளர்ந்தோரின் கருவியாகவும் கருதப்பட்டதைக் காட்டுகிறது.

தமிழகமும் இந்தியாவும்

தென்பாண்டி நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது நெடுங்காலம் அரசின் கண்காணிப்புக்கு உட்பட்டது. பாளையக்காரர் போர்களின் முடிவில், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, இப்பகுதி மக்கள் ஆயுதம் தரிப்பதைத் தடைசெய்து கோட்டைகளை இடிக்க வழிவகுத்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுதும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி 1962 ஜூலையில் வெளியான அறிவிக்கை, வலுக்குறைந்த காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்களித்தது. அதற்கு வைத்த சோதனை நினைவிற்கொள்ளத்தக்கது: ஒரு அங்குலக் கனமுள்ள, இருபுறமும் இழைத்த மரப்பலகையை 5 அடி தொலைவில் நிறுத்திப் பத்துக் குண்டுகள் சுட வேண்டும், ஒன்றுகூடப் பலகையை முழுதும் துளைத்துப் போகக் கூடாது. காவல் நிலையப் படி ஏறாமல் ஓர் எளிய குடும்பம் வாங்கத்தக்க ஒரே துப்பாக்கியாக இது நிலைத்ததற்கு இவ்விலக்கே பெருங்காரணம் எனலாம்.

உள்நாட்டுத் தயாரிப்பில் இந்தியன் ஹ்யூம் பைப் நிறுவனத்தின் ஐ.எச்.பி. துப்பாக்கிகள் குறிப்பிடத்தக்கவை. டயானா வகையைத் தழுவிய அவை இன்றும் வீட்டுப் பரண்களில் கிடைக்கின்றன. பின்னாளில் மகாராட்டிரத்தின் பிரிசிஹோல் முதலிய நிறுவனங்கள் தோன்றின.

தமிழ்நாட்டில் காற்றுத் துப்பாக்கியின் உண்மையான வீடு பலூன் கடை. சென்னை மெரினாவிலும் தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களிலும் பலகையில் வண்ணப் பலூன்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். கடைக்காரர் குழலை மடக்கி, குண்டைப் போட்டு, நிமிர்த்தி நீட்டுவார். பல கைகள் பட்டு வழவழத்த கட்டை, தேய்ந்த குறிமுள். முதல் இரண்டு குண்டுகளில் அது எப்பக்கம் விலகுகிறது என்று கண்டுகொண்டவர் மூன்றாவதில் பலூனை உடைப்பார். ஒரு துப்பாக்கியின் இயல்பை அறிவதற்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை. ஆயினும் இக்கடைகளைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு.

சேகரிப்பும் பராமரிப்பும்

பழைய துப்பாக்கியின் மதிப்பு அதன் முதற்பூச்சு, முத்திரை, வரிசை எண், மாற்றப்படாத உறுப்புகள் ஆகியவற்றைப் பொறுத்தது. துரு தேய்த்துப் புதிதாகக் கறுப்பேற்றியதைவிட, தொட்டுத் தொட்டு மங்கிய பழம்பூச்சையே தேர்ந்தவர் விரும்புவர். பழையவற்றில் பிஸ்டன் முனையில் தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்தால் காற்று கசிந்து வலு போய்விடும். எண்ணெய் விட்டால் மறுபடி உயிர் பெறும். எண்ணெய் மிகுந்தால் நெருக்குண்ட காற்றின் வெப்பத்தில் அது பற்றி வெடித்து, வில்லையும் அடைப்பையும் கெடுக்கும். குண்டு போடாமல் வெறுமனே சுடுவதும், வில்லை அழுத்தியபடி நெடுநேரம் வைப்பதும் கூடாதவை. சுருள்வில் துப்பாக்கியை இறுகப் பிடிக்காமல் தளர்வாகத் தாங்கினால்தான் குறி நிலைக்கும். குண்டு குழலைவிட்டுப் போகுமுன்பே வில்லின் உதைப்பு தொடங்கிவிடுவதே காரணம். எஃகுக் குண்டு கடினப் பரப்பில் பட்டுத் திரும்பித் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணியாமல் சுடலாகாது.

போட்டி

10 மீட்டர் காற்று ரைஃபிள் 1984இலும் காற்றுக் கைத்துப்பாக்கி 1988இலும் ஒலிம்பிக்கில் சேர்ந்தன. ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மி.மீ. மட்டுமே. 2008 ஆகஸ்டு 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இப்பிரிவில் வென்றது ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர்த் தங்கம். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012இல் வெண்கலம் பெற்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் போட்டியிட்டார்.

அண்மைக் காலம்

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பழைய மரப்பலகைச் சோதனைக்குப் பதிலாக ஆற்றலையும் துளையளவையும் கணக்கில் கொண்டன. 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ளவை உரிமமின்றி வைத்துக்கொள்ளத்தக்கவை. ஒப்பிட்டால், ஒரு ரெட் ரைடரின் ஆற்றல் ஏறத்தாழ 2 ஜூல். 2021 மார்ச்சில் அருணாசலப் பிரதேசத்தில் காற்றுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. பறவை வேட்டையை விட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் துப்பாக்கிகளைக் கொடுத்தனர். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் தேவைப்படாத காற்றுத் துப்பாக்கியால் சுட்டாலும் அது தண்டனைக்குரிய குற்றம்.