பக்கத்துக் கதிரையில் இருப்பவர்

நமது வீடுகளில் ஒருவருக்கு மனம் குழம்பினால், அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் அவரைப் பற்றிப் பேசுவோம். கிளினிக்கில் டொக்டர் கேட்பதற்கும் உம்மாவோ நானாவோதான் பதில் சொல்வார்கள். அவர் பக்கத்துக் கதிரையில் சும்மா அமர்ந்திருப்பார். டொரோத்தியா புக் என்ற ஜேர்மன் பெண்ணின் வரலாற்றை வாசித்தபோது நமக்கு அந்தக் கதிரைதான் ஞாபகம் வந்தது.

1936இல் அவருக்கு 19 வயது. பாதிரியார் ஒருவரின் மகள். பாலர் பாடசாலை ஆசிரியையாவது அவரது ஆசை. மனம் குழம்பிய நிலையில் பெத்தேல் என்ற கிறிஸ்தவ நிறுவனத்தில் சேர்த்தார்கள். சுவரில் வேத வசனங்கள் தொங்கின. சிகிச்சை என்றால் தலையில் குளிர்நீர் ஊற்றுவது, ஈரத் துணியால் இறுக்கிச் சுற்றுவது. அவரோடு உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லை. மனிதரை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது என்பது கடைசிவரை அவருடைய கருத்து.

ஒருநாள் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஹிட்லர் அரசின் 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி கருத்தடை. பெற்றோருக்குத் தெரிந்திருந்தது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொரு நோயாளி சொல்லித்தான் அறிந்துகொண்டார். அப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர் பாலர் ஆசிரியையாகவும் முடியாது! படிப்பிக்கிற நமக்கு இந்த இடத்தைக் கடந்து வாசிக்கக் கஷ்டமாக இருந்தது.

சுமார் 4 இலட்சம் பேருக்கு இந்தக் கதி. 1940-41இல் 70,000க்கும் அதிகமான நோயாளிகளை நச்சுவாயுவால் கொன்றார்கள். படிவத்தைப் பார்த்தே டொக்டர்மார் முடிவெடுத்தார்கள், ஆளைப் பார்த்தல்ல. பேசியிருந்தால் கொன்றிருக்க முடியாது என்று புக் நம்பினார்.

பின்னர் அவர் சிற்பியானார், சித்திரமும் படிப்பித்தார். 1989இல், 72 வயதில், உளவியலாளர் தோமஸ் பொக்குடன் சேர்ந்து ஹம்பேர்க்கில் ஒரு கருத்தரங்கைத் தொடங்கினார். நோயை அனுபவித்தவர்கள், குடும்பத்தார், வைத்தியத் துறையினர் என்று மூன்று தரப்பும் சமமாக இருந்து பேசினார்கள். அங்கே சிகிச்சை கிடையாது, மருந்துத் துண்டு எழுதுவதும் கிடையாது. தன் மகனிடம் கேட்கத் தயங்குவதை ஒரு தாய் வேறொருவரின் மகனிடம் கேட்கலாம். அவனும் தன் தாயிடம் சொல்ல முடியாததை இவரிடம் சொல்லிவிடுவான். டொக்டருக்கும் அங்கே கேட்டுக்கொண்டிருப்பதுதான் பெரிய வேலை. இதை 'ட்ரையலோக்' என்றார்கள். ஒஸ்திரியா, சுவிட்சர்லாந்துக்கும் பரவியது.

1933ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டித்து ஜேர்மன் பாராளுமன்றம் 2007இல்தான் தீர்மானம் எடுத்தது. அப்போது புக்குக்கு 90 வயது. 2019இல், 102ஆவது வயதில் காலமானார்.