தமிழில் பெயரிட்டால் கொம்பைலர் ஏன் மறுக்கிறது?

வன்னி மாணவர்கள் க.பொ.த. உயர்தரம் வரை தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைத் தமிழிலேயே கற்கின்றனர். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்கோ சென்றதும் ஆங்கிலத்துக்கு மாறவேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியைக் கடக்க, நிரலில் மாறிகளுக்கு ‘விலை’, ‘வயது’ என்று தமிழில் பெயரிட்டுப் பழகுவது உதவும். ஆனால் சி மொழியில் அப்படி எழுதும் பலருக்கு முதலில் கிடைப்பது வழுச்செய்திதான்.

காரணம் பெரும்பாலும் கொம்பைலரின் பதிப்பு. ஜி.சி.சி. என்பது 1987இல் வெளிவந்த, இன்றும் உலகெங்கும் பயன்படும் திறந்த மூலக் கொம்பைலர். அதன் 9ஆம் பதிப்பு வரை தமிழ் எழுத்தைப் பெயரில் நேரடியாக எழுத முடியாது. யுனிகோட்டில் ‘க’ மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதால், அந்த ஓரெழுத்துக்கே 340, 256, 225 என்ற எண்களுடன் மூன்று வழுக்கள் தோன்றும். 2020 மே மாதம் வெளியான 10ஆம் பதிப்பில் இந்தத் தடை நீங்கியது.

உபுண்டு 20.04 உள்ள கணினியில் இயல்பாக இருப்பது 9ஆம் பதிப்பு. அதில் ஜி.சி.சி.-10 பொதியைத் தனியாக நிறுவினால் போதும். புதிய கணினி தேவையில்லை. உபுண்டு 22.04இல் 11ஆம் பதிப்பே வருகிறது.

வழுச்செய்தியில் 342, 200 என்ற எண்கள் வந்தால் சிக்கல் தமிழ் அல்ல. பி.டி.எவ். குறிப்பிலிருந்து நிரலைப் பிரதிசெய்தபோது வளைந்த மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அழித்து விசைப்பலகையில் மீண்டும் தட்டச்சிடுங்கள்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. ‘கொ’ என்பதை ஒற்றை உயிர்க்குறியாகவும், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே இருக்கும், ஜி.சி.சி.க்கோ அவை வெவ்வேறு பெயர்கள். எனவே அறிவித்த மாறியையே “அறிவிக்கவில்லை” என்று சொல்லும். ஒரே விசைப்பலகை முறையைப் பயன்படுத்துவதே தீர்வு. பைதன் இரண்டையும் தானாகவே ஒன்றாக்கிக்கொள்ளும்.

கொம்பைலரைத் தொடாமலேயே மொழியை விரிக்கவும் வழியுண்டு. 10ஆம் பதிப்பிலிருந்து, ‘டிஃபைன்’ கட்டளை மூலம் ‘இஃப்’ என்பதற்கு ‘எனில்’ என்று தமிழ்ப் பெயர் கொடுக்கலாம். இத்தகைய வரிகளை ஒரு தலைப்புக் கோப்பில் சேர்த்துவைத்தால் வகுப்பு முழுவதும் பயன்படுத்தலாம்.

இவற்றுக்குப் பின்னும் கொம்பைலரில் தவறு இருப்பதாகத் தெரிந்தால், ஜி.சி.சி.யின் பொது வழுப்பதிவேட்டில் முறையிடலாம். பதிப்பு எண், இயங்குதளம், கொடுத்த கட்டளை, வந்த செய்தி, தவறை மீண்டும் காட்டும் மிகச்சிறிய நிரல் ஆகியவற்றை இணையுங்கள். மூலநிரல் திறந்திருப்பதால், திருத்தத் தெரிந்தவர் திருத்தத்தையே எழுதி அனுப்பலாம். தமிழ் எழுத்துக்கு வழிவிட்ட மாற்றமும் அவ்வாறு, வழுப்பதிவேட்டில் பலர் எழுப்பிய முறைப்பாட்டின் பின்னரே வந்தது.