துணைவரின் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தன்பாலின இணையர்களும் தொழில் உரிமைகளும்

கண்டி நகரில் ஒரு வங்கியிலோ ஹோட்டலிலோ வேலைக்குச் சேரும் ஒருவர் முதல் நாளே சில படிவங்களை நிரப்ப வேண்டியிருக்கிறது. விவாகமானவரா, வாழ்க்கைத்துணையின் பெயர் என்ன, இறந்தால் பணம் யாரைச் சேர வேண்டும் என்று அவை கேட்கின்றன. பல வருடங்களாக ஒரே வீட்டில் வாழும் இரு ஆண்களோ இரு பெண்களோ இந்தக் கட்டங்களில் எதை எழுதலாம், எழுதினால் எது செல்லும் என்பதே இக்கட்டுரையின் விடயம்.

பத்திரம் இல்லாத உறவின் கஷ்டம் எமது வாசகர்களுக்குப் புதிதல்ல. இடப்பெயர்வுக்கு நடுவே பதிவின்றி நடந்த கலியாணங்களால், கணவரை இழந்த பின் நட்டஈட்டுக்கும் சேமலாப நிதிக்கும் அலைந்த பெண்கள் பலர். ஆனால் அவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வழியாவது இருந்தது. ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை விவாகமானவர்களாக அனுமானிக்க, பொதுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு 2016இன் சட்டத்திருத்தம் காணப்படாமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. தன்பாலின இணையருக்கு இவ்வாறான எந்த வழியும் இல்லை.

கண்டியின் பழைய பாடம்

வாழும் உறவு ஒன்று, சட்டம் ஏற்கும் உறவு வேறொன்று என்ற நிலையைக் கண்டி முன்னரும் கண்டிருக்கிறது. 1859இல் ஆங்கிலேய ஆட்சி கண்டிய விவாகங்களுக்கான கட்டளைச் சட்டத்தை இயற்றி, பல கணவர் மணத்தைத் தடைசெய்து, பதிவைக் கட்டாயமாக்கியது. வழக்கப்படி மணந்து பதியாமல் விட்டவர்களின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளைகளாயினர்; காணி உரிமையில் சிக்கல் வந்தது. இன்று கண்டியில் பொது விவாகப் பதிவு, 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம், முஸ்லிம் விவாகச் சட்டம் ஆகிய மூன்றும் நடைமுறையில் உள்ளன. மூன்றுமே ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான விவாகத்தை மட்டுமே ஏற்கின்றன.

குற்றம் நீங்கினாலும் விவாகம் வராது

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நடைமுறையில் உள்ளன. 1995இன் திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணானாலும் செல்லுபடியாகும் என்று அரசியலமைப்பின் 16(1) உறுப்புரை சொல்வதால், இந்தியாவில் 2018இல் நடந்ததுபோல நீதிமன்றம் அவற்றை நீக்க முடியாது. பாராளுமன்றமே நீக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த கொண்டுவந்த தனியார் உறுப்பினர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் அது நிறைவேறும் முன்பே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

அது நிறைவேறியிருந்தாலும் இணையருக்கு ஓய்வூதியமோ மருத்துவக் காப்புறுதியோ கிடைத்திருக்காது. குற்றத்தை நீக்குவதும் உறவைப் பதிவதும் இரு வேறு படிகள். இந்தியாவில் முதற்படி 2018இல் நடந்தது. விவாக உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஒக்டோபரில் மறுத்துவிட்டது.

எந்தப் பணம் யாருக்கு?

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் 3 வீதம் செலுத்துகிறார். விவாகமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடு இந்த வீதங்களில் இல்லை. சேமலாப நிதிக்கு ஊழியர் பின்னுரித்தாளியை நியமிக்கலாம். துணைவரின் பெயரை எழுதக்கூடிய முக்கியமான இடம் இதுதான்.

பணிக்கொடையில் நிலைமை வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் உண்டு. தெல்தோட்டைப் பக்கத் தோட்டத் தொழிலாளர் போன்ற நாட்சம்பளக்காரருக்கு 14 நாள் சம்பளம். ஊழியர் இறந்தால் இது உரித்தாளிகளுக்கே போகும். மலையகத் தமிழருக்குப் பொருந்தும் பொதுச் சட்டத்தில் விதவைக்கோ தபுதாரருக்கோ பாதிப் பங்கு உண்டு. பதிவில்லாத துணைவருக்கு எதுவும் இல்லை; பணம் பெற்றோருக்கோ சகோதரருக்கோ சேரும். வேலையில் விபத்து மரணம் நேர்ந்தால், வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் பட்டியலிடும் உறவினருக்கே நட்டஈடு. பேராதனைப் பல்கலைக்கழகம், அரச வைத்தியசாலைகள் போன்ற இடங்களில் இறந்தவரின் துணைக்குரிய கொடுப்பனவுகளும் சட்டபூர்வ விவாகத்தையே பார்க்கின்றன.

அங்கீகாரம் இதை எவ்வளவு மாற்றும் என்பதற்குப் பிரித்தானியாவின் ஜோன் வோக்கர் வழக்கு சான்று. 1980 முதல் 2003 வரை ஒரே நிறுவனத்தில் வேலை செய்த அவர் இறந்தால், அவருடைய கணவருக்கு வருடத்துக்குச் சுமார் 1,000 பவுண்டே கிடைக்கும் என்று நிறுவனம் சொன்னது. அவர் ஒரு பெண்ணை மணந்திருந்தால் அந்த மனைவிக்குச் சுமார் 45,000 பவுண்ட். 2017 ஜூலையில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சம ஓய்வூதியம் வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

தொழில்தருநர் இப்போதே செய்யக்கூடியவை

குழு மருத்துவக் காப்புறுதி, மரண வீட்டு விடுமுறை போன்றவை பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த விதிகளிலும் ஒப்பந்தங்களிலும் தங்கியிருக்கின்றன. ‘வாழ்க்கைத்துணை’ என்ற இடத்தில் ‘ஊழியர் பெயர் குறிப்பிடும் ஒருவர்’ என்று எழுதக் காப்புறுதி நிறுவனத்துடன் பேசலாம். விவாகமாகாத சகோதரிகளுக்கும், அத்தையுடன் வாழும் பேரப்பிள்ளை போன்ற குடும்பங்களுக்கும் இதனால் நன்மை உண்டு.

ஆனால் 365அ இருக்கும்வரை, உறவை வெளிப்படுத்தும் படிவமே ஊழியருக்கு ஆபத்தாகலாம். ஆகவே உறவின் தன்மையைக் கேட்காமல் பெயரை மட்டும் கேட்பதும், அந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்று எழுத்தில் வரையறுப்பதும் அவசியம்.

ஊழியர் செய்யக்கூடியவை

சேமலாப நிதியில் பழைய நியமனம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் எழுதிய அம்மாவின் பெயரே பலருக்கு அப்படியே இருக்கும். வங்கி வைப்புகளுக்கும் ஆயுள் காப்புறுதிக்கும் தனித்தனியே பின்னுரித்தாளியை நியமியுங்கள். மரண சாதனத்தை நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளுடனோ, நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகளுடனோ எழுதலாம். பணிக்கொடை ‘உரித்தாளிகள்’ என்ற சொல்லில் தங்கியிருப்பதால், அது மரண சாதனத்துக்குள் அடங்குமா என்பதை நம்பிக்கையான சட்டத்தரணியிடம் தனியாகக் கேளுங்கள். இந்தப் பத்திரங்கள் விவாகப் பதிவுக்கு ஈடாகா. இன்றுள்ள சட்டத்தில் துணைவரின் கையில் கொடுக்கக்கூடியவை இவை மட்டுமே.